குக்கர் ஜோக்கை வெட்டிவிடு

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சாம்பாரில் மிதப்பதெல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம்.

நிஜமாகச் செத்துப்போன ஒரு அம்மாவின் கேஸை வைத்து நீ எழுதும் டிவி காமெடித் தொடரின் முதல் எபிசோடைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் ஏதோ உறுத்தியது. போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

பிபிசியில் 2018இல் வந்த 'எ வெரி இங்கிலீஷ் ஸ்கேண்டல்' பார். மூன்றே எபிசோடு. பிரிட்டனில் லிபரல் கட்சித் தலைவராக இருந்த ஜெரிமி தோர்ப், தன் பழைய காதலன் நார்மன் ஸ்காட்டைக் கொல்லச் சதி செய்தார் என்ற வழக்கு. தோர்ப்பாக ஹியூ கிராண்ட். பார்ன்ஸ்டபிளுக்குப் போகவேண்டிய கொலையாளி டன்ஸ்டபிளில் போய்த் தேடுகிறான்! 1975இல் ஒருவழியாக ஆளைப் பிடித்தால், சுட்டது நார்மனின் நாயை. அடுத்த குண்டுக்குத் துப்பாக்கி மக்கர் பண்ண, மனிதர் பிழைத்தார். 1979 தேர்தலில் தோர்ப்பை எதிர்த்து ஆபரான் வா என்ற பத்திரிகையாளர் நாய்ப் பிரியர் கட்சி என்று நின்று 79 ஓட்டு வாங்கினார். சத்தியமாக நிஜம். நம் சுப்பு சார்கூட இப்படிக் கதை விட்டதில்லை.

ஆனால் நார்மன் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரு நேஷனல் இன்சூரன்ஸ் கார்டைத்தான். அப்போது அது இல்லாமல் ஒழுங்கான வேலை கிடைக்காது. முதலில் கேட்கும்போது சிரிப்பு வருகிறது, போகப்போகத் தொண்டையை அடைக்கிறது. கோர்ட்டில் நீதிபதி கேன்ட்லி, ஜூரியிடம் நார்மனை மோசடிக்காரன், ஒட்டுண்ணி என்றெல்லாம் வைதார். தோர்ப் விடுதலை. சில நாளிலேயே காமெடி நடிகர் பீட்டர் குக் அந்த உரையை மேடையில் நக்கலடித்தார். அசலே பாதி நக்கலாகத்தானே இருந்தது!

அங்கே அடி வாங்குவது கட்சி, கோர்ட்டு, கனவான்கள். உன் எபிசோடில்? செத்துப்போன அந்தம்மாவின் குண்டு உடம்பு, அவள் சமையல், அவள் குக்கர். பங்குக்கு அலைந்த தம்பிகளும், கேஸை மூடப் பார்த்த இன்ஸ்பெக்டரும் சும்மா வந்துபோகிறார்கள். ஏனடி?

இன்னொன்று. அவ்வளவு பார்த்துச் செய்த தொடரிலேயே தன்னைப் பலவீனனாகக் காட்டிவிட்டார்கள் என்று நார்மன் வருத்தப்பட்டார். அந்தம்மாவின் மகள் இன்னும் உன் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். அவள் வீட்டிலும் டிவி உண்டு.

போஸ்ட்மார்ட்டத்தன்று தம்பிகள் பிரியாணிக்குச் சண்டை போடுகிற காட்சியில் மட்டும் கை வைக்காதே, அது பிரமாதம். இன்ஸ்பெக்டரை இன்னும் வறு. திட்டுவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, அன்றைக்குத்தான் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

அன்புடன்,
கலா