வீட்டுக்குள் வரும் ஃபைபர் கேபிளுக்குத் தனிக் குழாய் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என நம் மாவட்டத்து ஊர்களில் ஃபைபர் இணைய இணைப்பு பெருகியுள்ளது. தெருக் கம்பம் வரை ஒழுங்காக வரும் கேபிள், வாசலைத் தாண்டியபின் கையாளப்படும் விதம் கவலை தருகிறது.

பல வீடுகளில், கம்பத்திலிருந்து இழுத்த கறுப்புக் கேபிளையே சன்னல் இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்து, நிலைக்காலின் மூலையில் மடக்கி, கிளிப்பு அடித்து மோடம் வரை கொண்டுபோகிறார்கள். அதனுள் இருப்பதோ 125 மைக்ரான் பருமனே உள்ள கண்ணாடி இழை. அது கூர்மையாக மடங்கும் இடத்தில் ஒளி கசிந்து வீணாவதால், இழை முறியாமலேயே இணைப்பு விட்டுவிட்டு வருகிறது. வழக்கமான ஜி.652 வகை இழையை 30 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வளைப்பது நல்லதல்ல; வளைவைத் தாங்குவதற்கென்றே உருவான ஜி.657 ஏ2 வகை 7.5 மி.மீ. ஆரம் வரை தாங்கும். வீட்டுக்குள் இந்த வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

வெளிக் கேபிளின் பாலிஎதிலீன் உறை வெயிலையும் மழையையும் தாங்கும். ஆனால் தீயில் எளிதாக எரியும். ஆகவே அதை வெளிச்சுவரில் ஒரு சிறு பெட்டியோடு நிறுத்தி, உள்ளே புகை குறைந்த, ஹாலஜன் (குளோரின் போன்ற வேதிப்பொருள்) இல்லாத உறையுள்ள கேபிளை இணைப்பதே முறை. கண்ணாடியில் மின்சாரம் பாயாது என்றாலும், கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பியில் பாயும். ஐப்பசி மாதத்து இடிமின்னலை அறிந்த நாம் அக்கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்ல வேண்டும். சுவரில் இடும் துளை வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்காது. ஓட்டு வீடுகளில் எலியும் அணிலும் உறையைக் கடிப்பதால் குழாய் இன்னும் அவசியம்.

புதிதாக வீடு கட்டுவோர், மின் வயரிங் செய்யும்போதே வெளிச்சுவரிலிருந்து மோடம் வைக்கும் இடம் வரை 25 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒன்றைத் தனியாகப் பதித்து, உள்ளே ஓர் இழுகம்பியை விட்டுவைக்கலாம். குழாய் திரும்பும் இடங்களில் எல்போ (சட்டென மடங்கும் இணைப்பு) வேண்டாம், அகன்ற பெண்டு (மெல்ல வளையும் துண்டு) போதும். மின்வயர் ஓடும் குழாயிலேயே ஃபைபரையும் திணித்தால், பின்னால் பழுது பார்க்க வருபவருக்குத்தான் ஆபத்து.

இணைப்புத் தரும் நிறுவனங்கள் சுவர்ப் பெட்டியையும் உட்புறக் கேபிளையும் கூடுதல் வேலையாகக் கருதாமல், நிறுவும் பணியின் பகுதியாகவே ஏற்றுச் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் மோடத்துக்கு வந்துசேரும் ஒளியின் அளவை அளந்து வாடிக்கையாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.