செப்டம்பர் 28: லூசி வெஸ்டன்ராவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள லூசி,

'டிராகுலா' நாவலில் மே 24 அன்று நீ உன் தோழி மினாவுக்கு எழுதிய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒரே நாளில் மூன்று பேர் உன்னிடம் கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். டாக்டர் செவார்ட், டெக்சாஸ்காரர் குவின்சி மோரிஸ், கடைசியில் நீ ஆசைப்பட்ட ஆர்தர். ஒரு பெண் மூவரையும் கட்டிக்கொண்டால் என்ன, ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டாய். கேட்ட கையோடு, இதையெல்லாம் சொல்லக் கூடாது என்று உன்னையே அடக்கிக்கொண்டாய். 1897-ல் வந்த அந்த நாவலில் உனக்கு நேர்ந்த அத்தனையும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த தண்டனை என்றுதான் எனக்குப் படுகிறது.

விட்பி என்ற கடலோர ஊரின் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கத்தில் நடந்து போனாயே, அந்த இரவைப் பற்றிப் பிறகு மினாவிடம் சொன்னாய்: இனிப்பும் கசப்பும் ஒருசேரச் சூழ்ந்தன, ஆழமான பச்சைத் தண்ணீருக்குள் அமிழ்ந்தேன், உயிர் உடம்பை விட்டு மிதந்தது. ஒரு பெண்ணின் உடல் சுகத்தை விக்டோரியா காலத்து நாவலாசிரியர் வேறெந்தக் காட்சியில் இப்படி எழுதியிருக்க முடியும்? ரத்தக்காட்டேரி டிராகுலா அங்கே வந்து உன் ரத்தத்தைக் குடித்ததால் எழுத முடிந்தது.

அப்புறம், நீ இழந்த ரத்தத்தை ஈடுகட்ட நான்கு ஆண்களின் ரத்தம் உனக்குள் ஏறியது: உன்னிடம் கல்யாணம் பேசிய மூவர், உனக்கு வைத்தியம் பார்க்க வந்த பேராசிரியர் வான் ஹெல்சிங். மற்றவர்களும் கொடுத்தது ஆர்தருக்குத் தெரிந்தால் பொறாமைப்படுவார் என்று வான் ஹெல்சிங் மறைக்கச் சொன்னார். உன்னை அடக்கம் செய்த அன்று, என் ரத்தம் அவளுக்குள் போனதால் எங்களுக்குக் கல்யாணமே ஆனது போலத்தான் என்றார் ஆர்தர். அப்படிப் பார்த்தால் நீ பல கணவர்களுக்கு மனைவி என்று பின்னால் வான் ஹெல்சிங் சிரித்தார். நீ கேட்டபோது பாவமாக இருந்தது, நீ நினைவின்றிக் கிடந்தபோது வைத்தியமாகிவிட்டது.

உன் கல்யாணம் செப்டம்பர் 28 என்று நிச்சயித்திருந்தீர்கள். நாவலின் தேதிகளைப் பார். அதே இரவில்தான், செத்துக் காட்டேரியாகி எழுந்த நீ கல்லறை வாசலில் நின்று, "வா, என் கணவனே" என்று ஆர்தரைக் கூப்பிட்டாய். மறுநாள் அவர் உன் நெஞ்சில் கூரான மரக்கழியை அடித்து இறக்கினார். மற்ற மூன்று ஆண்களும் சுற்றி நின்றார்கள். உன் உடல் துடித்து அடங்கியதும் முகத்தில் தூய்மை திரும்பிவிட்டதாம். அப்போதுதான் உன்னை முத்தமிட ஆர்தருக்கு அனுமதி கிடைத்தது. இதை முதலிரவாக அல்லாமல் வேறெப்படியும் என்னால் படிக்க முடியவில்லை. பிறகு தலையை வெட்டி, வாயில் பூண்டைத் திணித்தார்கள்.

நீ குழந்தைகளைக் கடித்தாய், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் செவார்டின் நாட்குறிப்பு அந்தக் குழந்தைகளை விட உன் உதட்டிலும் பார்வையிலும் வழிந்த ஆசையைத்தான் அதிகம் அருவருக்கிறது. உன்னைப் படித்த முதல் தலைமுறை வளர்ந்த பிரிட்டன் எப்படிப்பட்டது? 1864 முதல் 1886 வரை, பால்வினை நோயைத் தடுக்கிறோம் என்று சட்டம் போட்டு, படைமுகாம் ஊர்களிலும் துறைமுகங்களிலும் சந்தேகப்பட்ட பெண்களைப் பிடித்துக் கட்டாய உடல் பரிசோதனை செய்தார்கள். அவர்களிடம் போன படைவீரர்களுக்கு அந்தச் சட்டத்தில் சோதனை கிடையாது.

உனக்கு முன்பே, 1872-ல், அயர்லாந்து எழுத்தாளர் லெ ஃபானு தன் 'கார்மில்லா' கதையை நூலில் சேர்த்தார். அங்கும் காட்டேரிப் பெண்ணை எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். ஆனால் அவளை நேசித்த லாராவே அந்தக் கதையைச் சொல்கிறாள், அவளுடைய காலடி இன்னும் கேட்பதாக எழுதுகிறாள். நீ காட்டேரியான பிறகு உன் கையால் எழுத உனக்கு ஒரு பக்கம்கூடத் தரவில்லை, லூசி.

உன்னைப் படைத்த பிராம் ஸ்டோக்கர் 1908-ல் புனைகதைகளுக்குத் தணிக்கை வேண்டும் என்று கட்டுரை எழுதினார். காம உணர்ச்சியைத் தூண்டும் எழுத்துதான் கேடு என்றார். அதை எழுதும்போது உன் செப்டம்பர் மாதம் அவர் நினைவுக்கு வந்ததா என்று நீதான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் வாசகி