மீன்களின் குரலுக்கும் செவிகொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலில் பெருகிவரும் இரைச்சல் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். திமிங்கிலங்களும் டால்பின்களும் படும் பாட்டை அது அக்கறையோடு எடுத்துரைத்திருந்தது. ஆனால் மீன்களைப் பற்றி அதில் இருந்தது ஒரே வரிதான். அந்த வரியும் அவற்றை ஊமைப் பிராணிகள் என்று ஒதுக்கிவிட்டது. இந்த எண்ணம் தவறானது என்பது மட்டுமல்ல, முட்டையிடும் காலத்தில் மீன்களுக்கு நேரும் ஒரு பெரிய கெடுதலை நம் கண்ணிலிருந்து மறைத்தும் விடுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

மீனுக்குக் குரல்வளை இல்லைதான். ஆயினும் பல இனங்கள், மீனவர்கள் நெட்டி என்று சொல்லும் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை மிக விரைவாகச் சுருக்கி, அந்தப் பையையே முரசாக அதிரவைக்கின்றன. வேறு சில, எலும்போடு எலும்பை உரசியும் பற்களைக் கடித்தும் ஒலி எழுப்புகின்றன. இணை தேடும் பருவத்தில்தான் இந்த ஒலிகள் உச்சத்தை எட்டுகின்றன.

வட அட்லாண்டிக் கடலில் வாழும் ஹேடாக் மீனின் ஒலிப்பதிவைக் கேட்ட நாளிலிருந்து அது என் காதை விட்டு அகலவில்லை. தொடக்கத்தில் யாரோ கதவை நிதானமாகத் தட்டுவதுபோல, இடைவெளி விட்டு விட்டு ஒவ்வொரு தட்டாக ஒலிக்கிறது. ஆண் மீன் வட்டமிட்டபடியே இவ்வாறு தட்டிக்கொண்டிருக்க, பெண் மீன் நெருங்க நெருங்கத் தட்டுகளுக்கிடையே உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வந்து, இரண்டும் ஒன்றையொன்று அணைத்து முட்டையும் விந்துவும் வெளிவரும் தறுவாயில், தனித்தனித் தட்டுகள் எல்லாம் கரைந்து ஒரே ரீங்காரமாகிவிடுகின்றன. இருண்ட, குளிர்ந்த ஆழத்தில், இரு உடல்களும் ஒரே நொடியில் ஆயத்தமாவதற்கு அந்த ஒலிதான் துணை. முட்டையும் விந்துவும் நீரில் கலந்து சிதறிப்போகும் இனங்களுக்கு அந்த நொடி தவறினால் எல்லாமே வீண்.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்து மிட்ஷிப்மேன் மீனின் கதை இன்னும் வியப்பானது. ஆண் மீன் கரையோரப் பாறையின் அடியில் கூடு அமைத்து, இரவு முழுவதும் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 அதிர்வுகள்) அளவில் முனகிக்கொண்டிருக்கும்; ஒரே முனகல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீள்வதுண்டு. இனப்பெருக்கக் காலம் வந்ததும் பெண் மீனின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் என்னும் இயக்குநீர், ஆணின் குரலில் உள்ள உயர்ந்த அதிர்வெண்களும் தெளிவாகக் கேட்கும்படி அதன் செவியையே கூர்மையாக்குகிறது. குரலைத் தேடி வந்து பாறையின் அடிப்புறத்தில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் பெண் மீன் போய்விடும். அவற்றைக் காப்பது ஆணின் பொறுப்பு. அழைப்பதற்கென ஒரு குரலையும் அதைக் கேட்பதற்கெனத் தீட்டப்பட்ட ஒரு செவியையும் பெற்ற இந்த உயிரையா ஊமை என்பது?

கெடுதல் எங்கே நேர்கிறது என்று இனிச் சொல்கிறேன். இத்தகைய மீனொலிகளில் பெரும்பாலானவை 1,000 ஹெர்ட்ஸுக்கு உட்பட்டவை. கப்பல்களின் உந்துவிசிறியும் எந்திரமும் எழுப்பும் இரைச்சலும் பெரும்பாலும் அதே எல்லைக்குள்தான் அடங்குகிறது. பகலெல்லாம் ஒதுங்கியிருந்து அந்தியிலும் இரவிலும் கூடி அழைக்கும் இனங்களுக்கு, அந்த நேரத்தில் ஒரு கப்பல் கடந்து செல்வது, உரையாடலின் நடுவே வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். ஆய்வுத் தொட்டிகளில் தொடர் இரைச்சலுக்கு உள்ளாக்கப்பட்ட சிறு கோபி மீன்களிடையே முட்டையிடுவது குறைந்ததை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வலையில் ஒரு மீனும் சிக்காமலேயே ஒரு தலைமுறை பிறக்காமல் போகக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

குரல் மீன்களைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. கலிபோர்னியா வளைகுடாவில், கொலராடோ ஆற்றின் கழிமுகத்தில் முட்டையிடக் கூடும் கொர்வினா மீன்களின் கூட்டொலி படகின் அடிப்பாகத்தைக் கடந்து மேலேயே கேட்பதால், அதை வைத்தே மீனவர்கள் வலை இறக்குகிறார்கள். அதே ஒலியை, நீருக்கடியில் இயங்கும் ஒலிவாங்கியான ஹைட்ரோபோனில் பதிவுசெய்தால், ஒரு மீனையும் தொடாமல் எங்கே, எந்த நாள், எந்த மணியில் அவை முட்டையிடுகின்றன என்பதை அறியலாம்.

ஆகவே, கடலடியில் தூண்கள் அறைவதற்கும் எண்ணெய் தேடி, அழுத்தக் காற்றால் பேரொலி எழுப்பும் ஒலித்துப்பாக்கி வெடிப்பதற்கும் அனுமதி தரும் முன், குறைந்தது ஒரு முட்டையிடும் பருவமாவது அந்த இடத்தில் ஹைட்ரோபோனை இறக்கிக் கேட்க வேண்டும். மீன்கள் அழைக்கும் வாரங்களிலும் மணிகளிலும் அந்த வேலைகளை நிறுத்திவைக்க வேண்டும். கடல் இரைச்சலைப் பற்றித் தாங்கள் மீண்டும் எழுதும்போது, இந்தக் கோரிக்கைக்கும் இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்