பாப்பாவுக்கு, ஜூலை 19 பற்றி

பாப்பா,

உன் வீட்டுக்குக் கீழே டீக்கடையில் வேலை செய்யும் பர்மாவின் கரேன் இனப் பொண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டு, "ஆங் சான் ஒருத்தர் செத்ததுக்கா ஒரு நாடே எழுந்திருக்காம போகும்ப்பா?" என்று கேட்டாயே, அன்றைக்குப் போனில் சரியாகப் பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

1947 ஜூலை 19 காலை, ரங்கூன் செக்ரடேரியட்டில் மந்திரிகள் கூட்டம் நடக்கும்போதே துப்பாக்கிக்காரர்கள் நுழைந்து, பர்மாவின் சுதந்திரப் போராட்டத் தலைவர் ஆங் சானைச் சுட்டார்கள். வயது 32. அவரோடு அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று பார். கரேன் தலைவர் மான் பா கைங், ஷான் சிற்றரசர் ஒருவர், இந்திய முஸ்லிம் அப்பாவுக்கும் பர்மிய அம்மாவுக்கும் பிறந்த அப்துல் ரசாக். எல்லாரும் போய்விட்டார்கள்.

போருக்கு முன்னால் வருஷத்துக்கு 30 லட்சம் டன் அரிசியைக் கப்பலேற்றிய நாடு அது. போரில் பாலம், மில், எண்ணெய்க் கிணறு எல்லாம் நாசம். அதை எப்படித் திரும்பக் கட்டுவது என்று பேசத்தான் சாவதற்கு முந்தைய மாதம் ஆங் சான் அதிகாரிகளைக் கூட்டி வைத்து உட்கார்ந்தார், இரண்டு வருஷத் திட்டமும் பிறகு வந்தது. திட்டத்துக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் பிப்ரவரியில் பாங்லாங் ஊரில் ஷான், கச்சின், சின் என்ற மலைப்பகுதி இனங்களின் தலைவர்கள் ஒரே நாடாகச் சேர்வதற்குக் கையெழுத்துப் போட்டது காகிதத்தை நம்பி இல்லை, அந்த மனுஷனை நம்பி. ராணுவத்தை உருவாக்கியவரும் அவரே, கட்சியை நடத்தியவரும் அவரே, அதனால் இரண்டும் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டன. அடுத்துப் பிரதமராக வந்த ஊ நு நல்லவர்தான், ஆனால் ராணுவம் அவர் கையில் இல்லை.

அவர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கரேன் மக்கள் பாங்லாங்கில் அவர் இருக்கும்போதே கையெழுத்துப் போடவில்லை. ஆனால் கோபத்தோடு போய்ப் பேச ஒரு ஆள் இருந்தார். 1948 ஜனவரியில் சுதந்திரம், மார்ச்சில் கம்யூனிஸ்டுகள் ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கினார்கள், அடுத்த வருஷம் ரங்கூனை ஒட்டிய இன்செயினிலேயே கரேன் சண்டை, பல ராணுவப் பட்டாலியன்கள் கிளர்ச்சிக்காரர்கள் பக்கம் போயின. மில்லுக்குப் போகவேண்டிய பணம் தோட்டாவுக்குப் போனது. சண்டை போட்டுப் போட்டு ராணுவம் ஊதிக்கொண்டே போய் 1962-ல் நாட்டையே எடுத்துக்கொண்டது.

அதற்கப்புறம் பர்மாவில் இருந்த நம் குடும்பத்தின் கதைதான். 1964-ல் ராணுவ அரசு 50, 100 கியாட் (பர்மியப் பணம்) நோட்டு செல்லாது என்றது. துறைமுகத்தில் அப்பாயி காதுத் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், எனக்கு ஆறு வயது, பக்கத்தில் நிற்கிறேன். கப்பலில் அவங்க காதில் துடைப்பக்குச்சி சொருகியிருந்தாங்க. அப்படியும் ஆங் சான் பேரைச் சொன்னால் அப்பாயிக்குக் கண் கலங்கும், நம்மை விரட்டியவர்களையும் அவரையும் ஒருநாளும் சேர்த்துப் பேசியதில்லை.

அந்தப் பொண்ணுக்கு எந்த ஊர் என்று கேட்டுவை. நீ வரும்போது அப்பாயி டப்பாவில் இருக்கும் ஐம்பது கியாட் நோட்டை எடுத்துக் காட்டுகிறேன்.

அப்பா