ஜாமீன் கிடைத்த பிறகும்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வீட்டில் காஞ்சிபுரத்துத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டது பற்றி மகிழ்ச்சி. முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தாய். என்னுடையதையும் சேர்த்து எழுதினால் தாள் போதாது என்பதால் விட்டுவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகும் எதற்காகக் கோர்ட்டுப் படி ஏறுகிறாய், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே, அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளாதா என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

சென்ற மாசி மாதம் ஒடுகத்தூருக்கு மேலே மலையில் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பெண் தன் கொழுந்தனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். மரம் வெட்டும் கூலிக்கென்று ஆந்திரத்துக்குப் போன அவள் கணவன் செம்மரக் கடத்தல் வழக்கில் சிக்கி அங்கே ஒரு சிறையில் இருந்தான். சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரப் போலீசார் 20 பேரைச் சுட்டுக் கொன்ற 2015 ஏப்ரல் 7ஆம் தேதியை நீ மறந்திருக்க மாட்டாய். அன்று முதல், போன ஆள் சிறையில் இருக்கிறான் என்று தெரிந்தாலே மலையில் பாதி நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் அவள் கவலை வேறு. "ஜாமீன் ஆயிடுச்சின்னு வக்கீல் சொல்லி எழுபது நாளு ஆவுது சார், இன்னும் ஆளை விடல" என்றாள்.

முப்பது வருடம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்திருந்தவனுக்கு அதில் புதிர் எதுவும் இல்லை. உத்தரவின் நகலைப் பார்த்தேன். ஆளுக்கு இருபதாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், இருவரும் கோர்ட் உள்ள ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும், சொத்துக்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்று இருந்தது. மலையை விட்டு இறங்கினால் ஒருவரையும் தெரியாத, தெலுங்கில் ஒரு வார்த்தையும் பேச வராத ஒருவனுக்கு அந்த ஊரில் சொந்த வீடுள்ள இரண்டு பேர் எங்கிருந்து கிடைப்பார்கள்?

அண்ணனுக்கு ஜாமீன் நிற்க முன்வந்த கொழுந்தனோடு நானும் அந்தக் கோர்ட்டுக்குப் புறப்பட்டேன். கிறிஸ்டியான்பேட்டை தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறியது. அதுவரை ஏதோ பேசிக்கொண்டு வந்தவன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. மடியில் ஒரு துணிக்கடைப் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அதற்குள் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, ஒரே ஒரு வீட்டு வரி ரசீது. மழையில் நனைந்து காய்ந்ததால் ரசீதில் பெயர் பாதி கலைந்துபோய், ஊராட்சியின் ஊதா முத்திரை மட்டும் தெளிவாக இருந்தது. அந்த நீதிமன்றத்தின் பெயர் வேண்டாம், எந்த ஊரிலும் இப்படித்தான் நடந்திருக்கும். அங்கிருந்த குமாஸ்தா பையைப் பிரிக்கக்கூட விடவில்லை. தமிழ்நாடா என்று கேட்டார், மேசைக்கு இந்தப் பக்கமாகத் தள்ளிவிட்டார். வெளியே வேப்பமரத்தடியில் ஒருவர் நெருங்கி வந்து, ஆறாயிரம் கொடுத்தால் வீட்டுப் பத்திரத்தோடு இரண்டு ஜாமீன்தாரர்களை நிறுத்துவதாக நல்ல தமிழில் சொன்னார். அண்ணன் ஓடிவிட்டால் தலைகுனிய வேண்டிய தம்பியை ஏற்காமல், கைதியின் முகத்தையே பார்த்திராத கூலி ஜாமீன்தாரரை ஏற்கும் நடைமுறையால் யாருக்கு என்ன பாதுகாப்பு என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

இது புதிய சங்கதியும் இல்லை. 1978இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட கீழ் நீதிமன்றம், அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று சொல்லி அவரை ஏற்க மறுத்துவிட்டிருந்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அது தவறு என்று கூறி, வேறு ஆள் ஜாமீன் நிற்காமல், ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் மோத்தி ராமை விடுவிக்க உத்தரவிட்டார். அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு தரும் சமத்துவம் மாவட்ட எல்லையோடு நின்றுவிடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அதன் பிறகு 45 வருடம் கழித்து, 2023 ஜனவரி 31ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் அதே விஷயத்தை மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது: உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதால் விடுதலை தாமதமாகிறது, அந்த நிபந்தனையை விதிக்காதிருக்கலாம்; ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவன் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும்; ஒரு மாதம் ஆகியும் பிணை கட்ட முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம். நம் ஆளுக்கு எழுபது நாள் ஆகியிருந்தது.

ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்குப் பணம் தரும் மத்திய அரசின் திட்டம் இருக்கிறதே என்பாய். இருக்கிறது, நல்ல திட்டம்தான். ஆனால் இங்கே கேட்டது பணத்தை இல்லையே, வீடுள்ள ஆளை அல்லவா கேட்டார்கள்! புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவின்படி, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை உள்ளேயே கழித்திருந்தால் வெளியே விட வேண்டும். அதே பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கு அந்தச் சலுகை இல்லை என்றும் சொல்கிறது. செம்மர வழக்கில் அகப்பட்டவன் மீது எத்தனை வழக்கு விழும் என்பது அவன் கையில் இல்லை. 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். இந்த எண்ணிக்கையைப் படித்தபோது எனக்கு அந்த ஊதா முத்திரைதான் நினைவுக்கு வந்தது.

இனி எழுதப்போவதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். 1989இல் ஜில்லாவைப் பிரித்த பிறகு, நம் காகிதங்களின் தலைப்பில் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று அச்சிட்டிருந்த சில வருடங்கள் உனக்கு நினைவிருக்கும். அப்போது அணைக்கட்டுப் பக்கத்துக் கிழவி ஒருத்தி, சைக்கிள் திருட்டு வழக்கில் உள்ளே இருந்த மகனுக்கு ஜாமீன் போட வந்தாள். வரி ரசீது இறந்துபோன கணவன் பெயரில் இருந்தது. பெயர் மாற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினேன். அவள் மாற்றிக்கொண்டு வருவதற்குள் பையன் மேலும் பத்தொன்பது நாள் உள்ளே கிடந்தான். அதே வாரம், காரை ஏற்றி ஒரு ஆளைக் கொன்ற வசதியான ஒருவருக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் பத்திரம், சிட்டா, சொத்து மதிப்புச் சான்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். அவர் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்தார். இரண்டு பேரிடமும் நான் ஒரு பைசா வாங்கவில்லை, இரண்டு காகிதங்களையும் ஒரே விதியை வைத்துத்தான் சரிபார்த்தேன். நேர்மையாக நடந்துகொண்டேன் என்று அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சொந்தப் பிணையில் விடக் கோரி மனுப் போட்டிருக்கிறோம். காவலில் இருப்பவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு; அது தெரியாமல் அந்தப் பெண் ஆடுகளை விற்று ஒருவருக்குக் கொடுத்திருக்கிறாள். வரும் பதினெட்டாம் தேதி வாய்தா. தாலுகா அலுவலகத்தில் எத்தனையோ சொத்து மதிப்புச் சான்றுகளை எழுதியவன் நீ. பட்டா இல்லாத மலை வீட்டுக்கு வருவாய்த்துறை எந்தக் காகிதத்தைத் தர முடியும், யாரிடம் கேட்க வேண்டும் என்று விவரமாக எழுது. மனு தள்ளுபடியானால் அடுத்து அதுதான் வழி. பதில் சீக்கிரம் வேண்டும், பதினாறாம் தேதி கொழுந்தன் மலையிலிருந்து இறங்கி வந்துவிடுவான்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்.