சிரித்தாலே நோயா என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. "நான் சிரித்துப் பேசினாலே எத்தனை மணிக்குத் தூங்கினேன்னு கேட்கிறீங்க. எனக்குச் சந்தோஷமே வரக்கூடாதாப்பா?" அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

உன் சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பயம் இல்லை. மனம் ஒரு சமயம் அளவுக்கு மீறி ஏறி, இன்னொரு சமயம் சோர்ந்து விழும் உன் பைபோலார் நோயின் ஏற்றத்தைப் பார்த்துத்தான் பயம். போன மாதம் பதவி உயர்வு வந்ததும் ஒரு மணி நேரம் பேசினாய். நான் ஏதாவது கேட்டேனா? கடைசியில் "தூக்கம் வருதுப்பா" என்று சொல்லி வைத்தாய். எனக்கு அது போதும். நடவு நேரத்தில் தண்ணீர் முறை வந்தால் நானும் ராத்திரி முழுக்க மடையில் கிடப்பவன்தான். மறுநாள் மத்தியானம் திண்ணையில் சாய்ந்தால் அம்மா தட்டித்தான் எழுப்ப வேண்டும். கெட்டுப்போன தூக்கத்தை உடம்பு திருப்பிக் கேட்கும். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, மறுநாளும் அதே மூன்று மணி நேரம் தூங்கி, அலுப்பே தெரியாமல் முன்னைவிட வேகமாக ஓடினால் அங்கேதான் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது.

வயல் கணக்கு எழுதும் டைரிகளை நேற்று எடுத்துப் பார்த்தேன். 2022 பொங்கலுக்கு நீ வந்த வாரம் அதில் இருக்கிறது. "பாப்பா 3 மணிக்கே எழுந்துவிட்டது. பரண் முழுக்கச் சுத்தம்." மறுநாள், "திண்ணைக்குச் சுண்ணாம்பு அடித்தது." அப்புறம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தது, சித்திமார் எல்லோருக்கும் புடவை வாங்கியது. இப்படி ஆறு நாள். பேச்சு நிற்கவில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாய். ஆனால் ஆபீஸ் வேலையையும் முடித்தாய், அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் வந்தாய், புடவை போதும் என்றதும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாய். என்ன சுறுசுறுப்பு என்று ஊரே சொன்னது. நானும் பெருமைப்பட்டேன். அதற்கு ஹைப்போமேனியா என்று பெயர் இருப்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

மார்ச்சில் நீ படுத்த படுக்கையாகி, குளிக்கக்கூட எழாமல் கிடந்தபோதுதான் டாக்டரிடம் போனோம். அவர் மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார். பொங்கல் வாரத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நல்லா இருந்த நாட்களை யார் போய் டாக்டரிடம் சொல்வார்கள்? சொல்லியிருக்க வேண்டும். பைபோலார் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சில சமயம் மேலே தூக்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

2023 ஜூன் 12. மேட்டூர் திறந்த நாள். டைரியில் குறுவைக்கு விதை வாங்கிய கணக்கு, அதற்குக் கீழே "பாப்பா தூங்கவில்லை." அடுத்த நான்கு பக்கத்திலும் அதே வரிதான். உனக்கு அதில் பாதி ஞாபகம் இருக்காது, அதனால் எழுதுகிறேன். வெண்ணாற்றுத் தண்ணீர்த் தகராறு மொத்தத்தையும் நீயே தீர்க்கப்போவதாகவும், அதற்கு ஆற்றிலிருந்து உனக்கு உத்தரவு வருவதாகவும் சொன்னாய். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாய். தடுத்த அம்மாவை, வாழ்நாளில் பேசாத வார்த்தைகளால் பேசினாய். அதில் சந்தோஷமே இல்லை பாப்பா, கோபம்தான் இருந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி வாய்க்காலில் இறங்கிய உன்னை நான் இழுத்துக்கொண்டு வந்தேன். தஞ்சாவூரில் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

அங்கே இருந்த டாக்டர் அம்மாதான் விளக்கினார். நான்கு நாளாவது தொடர்ந்து இருந்து, கூட இருப்பவர்களுக்கு மாற்றம் தெரிந்து, ஆனாலும் வேலையும் உறவும் பெரிதாகக் கெடாமல் போனால் ஹைப்போமேனியா. ஒரு வாரம் நீடித்து வாழ்க்கையையே புரட்டிப் போட்டால் மேனியா. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை வந்துவிட்டால் நாள் கணக்கே பார்க்க வேண்டாம், அது மேனியாதான். இல்லாத குரல் கேட்டாலும், நடக்காததை நம்பினாலும் அப்படியே. சிலருக்கு ஹைப்போமேனியாவோடு நின்றுவிடுமாம், ஆனால் அவர்களையும் பின்னால் சோர்வு வந்து அழுத்தும். ஒரு தடவை மேனியா வந்தவர்கள் சின்ன ஏற்றத்தையும் சும்மா விடக்கூடாது.

எனக்குப் புரிந்த வித்தியாசம் இதுதான். பொங்கலுக்கு நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டது. ஜூனில் கேட்கவில்லை. ஏறிய பிறகு உனக்கு நாங்கள் எதிரி, உன் புத்தி மட்டுமே சரி. அதனால்தான் நீ அமைதியாக இருக்கும் இப்போதே இதை எழுதுகிறேன்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று வெறும் எண் மட்டும் அனுப்பு. வேறு எதுவும் கேட்கமாட்டேன். இரண்டு ராத்திரி தொடர்ந்து ஐந்துக்குக் கீழே போய், அலுப்பும் இல்லையென்றால் நான்காம் நாள் வரை பார்க்காமல் டாக்டரைக் கூப்பிடு. அவர் கிடைக்காவிட்டால் 14416, அரசாங்கத்தின் மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். அறையில் இருக்கும் சிநேகிதியிடமும் இதைச் சொல்லி வை. நமக்கு முன்னால் அவளுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. 2017 மனநலச் சட்டப்படி, உடம்பு சரியில்லாமல் போனால் எப்படி வைத்தியம் வேண்டும், எப்படி வேண்டாம், உன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். என் பெயரைத்தான் போட வேண்டும் என்பது இல்லை, அம்மா பெயரோ சிநேகிதி பெயரோ இருக்கட்டும். அன்றைக்கு உன்னைக் கையைக் காலைப் பிடித்து வண்டியில் ஏற்றினோம். இன்னொரு தடவை அப்படிச் செய்ய நேர்ந்தாலும், நீயே எழுதி வைத்தபடி செய்தோம் என்று இருக்க வேண்டும்.

குணசீலம் பெருமாள் கோயிலுக்கு வேண்டிக்கொண்டதை அம்மா முடித்துவிட்டாள். பிரசாதம் பார்சலில் இருக்கிறது, கூடவே மோர் மிளகாயும்.

வியாழக்கிழமை, நீ போடும் லித்தியம் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும், காலை மாத்திரை அதற்கு அப்புறம். அங்கே வெயில் அதிகம் என்றாய், தண்ணீர் நிறையக் குடி. தலைவலிக்கு மருந்துக்கடையில் எதையாவது வாங்கிப் போட்டுக்கொள்ளாதே, டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடு. ரிசல்ட் வந்ததும் சொல்லு.

அப்பா