விமான ஜன்னலின் உள்ளோரம்: ஏன் ஒரு வாரம் கேட்கிறோம்?

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கார் சீட்டு, படகு மெத்தை, சாப்பாட்டுக் கடை பெஞ்சு என்று சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் உள்ள நம் பட்டறைக்கு வரும் வேலைகளுக்கு நடுவே, சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களும் இப்போது வந்துபோகிறார்கள். இங்கே வாடகை யூனிட்டில் கதவை மட்டும் வைத்து வேலை பார்ப்பவர்களும் உண்டு, ஜோகூரில் கொட்டகை பிடித்து முழு விமானத்தையும் கட்டுபவர்களும் உண்டு. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, கார் கதவுக்கு ரப்பர் பீடிங் அரை மணி நேரத்தில் மாட்டித் தருகிறீர்கள். விமான ஜன்னலின் உள்ளோரத்துக்கு மட்டும் ஏன் ஒரு வாரம்? விலையும் ஏன் கூட?" கவுண்டரில் நின்று ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கார் ஜன்னல் கண்ணாடி. உங்கள் விமானத்தில் இருப்பது அக்ரிலிக், நம் பேச்சில் பெர்ஸ்பெக்ஸ். சில மாடல்களில் பாலிகார்பனேட். இரண்டும் கண்ணாடியைவிட எடை குறைவு, ஆனால் ரசாயனம் ஆகாது. நாங்கள் நாள் முழுக்கப் புழங்கும் மஞ்சள் பசை இருக்கிறதே, டின்னைத் திறந்தாலே மூக்கில் ஏறுமே, அதன் கரைப்பானில் பெரும்பாலும் டொலுயீன் இருக்கும். அது பட்டால் அக்ரிலிக் கெட்டுப்போகும். அசிட்டோன், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், எல்லாமே அதே கதைதான். சூப்பர் குளூவின் ஆவி மட்டும் போதும், வெள்ளையாகப் பூத்துவிடும்.

இதில் மோசம் என்னவென்றால், கேடு உடனே கண்ணில் படாது. அறுத்த ஓரமும் துளை போட்ட இடமும் ஏற்கெனவே உள்ளுக்குள் இறுக்கத்தோடு இருக்கும். கரைப்பான் அங்கே தொட்டால் சில நாளோ சில வாரமோ கழித்துத்தான் நுண்விரிசல் வெளியே வரும். வேறிடத்தில் ஓரம் ஒட்டிய ஒரு கதவை அண்மையில் ஒருவர் எடுத்து வந்தார். நேராகப் பார்த்தால் குறையே இல்லை. விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தபோது, ஓரத்திலிருந்து உள்நோக்கி மினுக்கும் மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடியிருந்தன. விரலால் தடவினால் ஒன்றும் தட்டவில்லை. பாலிஷ் போட்டுத் தரச் சொன்னார். அது மேலே விழுந்த கீறல் இல்லை, உள்ளே போன வெடிப்பு. பாலிஷ் அதற்கு ஒன்றும் செய்யாது. ஜன்னலையே மாற்ற வேண்டியதாயிற்று.

அடுத்தது வெயில். அக்ரிலிக் சூட்டில் நன்றாகவே நீளும். 600 மில்லிமீட்டர் ஜன்னல் ஒன்று 30 டிகிரி ஏறி இறங்கினால் ஏறக்குறைய 1.25 மில்லிமீட்டர் கூடிக் குறையும். அதே நீள அலுமினியம் 0.4 மில்லிமீட்டர்தான். 30 டிகிரி என்பது மிகையான கணக்கு இல்லை. மதிய வெயிலில் நிறுத்திய விமானத்தின் உள்ளே சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும். மேலே 10,000 அடிக்குப் போனால் வெளிக்காற்று தரையைவிட 20 டிகிரி குளிர்ந்திருக்கும். ஆகவே சட்டத்தையும் ஜன்னலையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிற எந்த ஓரப்பட்டையும் ஒரு நாள் பிய்ந்துகொள்ளும், இல்லையென்றால் ஜன்னலைக் கீறிவிடும். அதனால்தான் நம் பட்டறையில் ஒரே பிடிவாதம்: ஓரப்பட்டை சட்டத்தோடுதான் சேரும், ஜன்னலோடு சேராது. ஜன்னலை அது தொட்டு நிற்கலாம், ஒட்டக்கூடாது.

அலுமினியச் சட்டத்தில் திருகாணி போட்டு நிற்கும் ஜன்னல் என்றால் வேலை சுலபம். துளைகள் திருகாணியைவிடப் பெரிதாக இருக்கின்றனவா என்று மட்டும் முதலில் பார்ப்போம். நேரம் பிடிப்பது ஆர்வி-10 என்ற சொந்தமாகக் கட்டும் ரக விமானம் போல ஃபைபர்கிளாஸ் கூரையில் ஜன்னலை ஒட்டிவிட்ட விமானங்களில். ஒட்டும்போது பிதுங்கிய பசை உள்பக்கம் மேடும் பள்ளமுமாக நிற்கும். அதைச் செதுக்கி, எபாக்சிப் பிசினில் மைக்ரோபலூன் என்ற உள்ளே வெற்றான நுண்மணித் தூள் கலந்து நிரப்பி, உப்புத்தாள் போட்டு, மறுபடி நிரப்பி, மறுபடி தேய்த்து... இது ஒரு நாளில் ஆகிற காரியமா?

கார் பட்டி போட்டால் சீக்கிரம் முடியுமே என்பார்கள். கார் பட்டி பாலியஸ்டர் ரகம். எடை கூட, ஈரத்தையும் இழுக்கும், எபாக்சி மேல் அதன் பிடியை நம்ப முடியாது. நாங்கள் போடுவதில்லை.

எபாக்சிக்கும் நம் ஊர்க் காற்று ஒத்துவராது. 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் இருக்கும் நாளில் பல எபாக்சிகளின் மேல் ஒரு வழுவழுப்பான படலம் படியும். அதைக் கழுவாமல் உப்புத்தாள் போட்டால் தாள் அடைத்துக்கொள்ளும், மிச்சமும் உள்ளே தேய்ந்து இறங்கும், அப்புறம் பெயின்ட் தோல் தோலாக உரியும். தண்ணீரும் நார்ப்பட்டையும் வைத்து முதலில் கழுவித் துடைத்த பிறகே தேய்க்கிறோம். இந்த வேலை வெளியே தெரியவே தெரியாது, பில்லில்தான் தெரியும்!

நிரப்பியதை அக்ரிலிக் மேல் மெல்லிசாக இழுத்துவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் முதலில் வெடித்துப் பிரிவது அந்த மெல்லிசு ஓரம்தான். நாங்கள் ஃபைபர்கிளாஸ் விளிம்போடு நிறுத்திக்கொண்டு நடுவே ஒரு நூல் பள்ளம் விடுவோம். பெயின்ட் காய்ந்த பிறகு அதில் அக்ரிலிக்குக்கு ஏற்ற நடுநிலை வகை சிலிக்கோன் வரும். காடி வாசனை அடிக்கிற மலிவு சிலிக்கோன் வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும். எந்தச் சிலிக்கோனும் பெயின்டுக்கு முன்னால் பட்டறைக்குள்ளேயே திறக்கப்படாது. ஒரு பொட்டு பட்டாலும் அந்த இடத்தில் பெயின்ட் குழிவிட்டு விலகும்.

பீடிங் எடுத்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலிவாகக் கிடைக்கும் வளைகிற பிவிசி வேண்டாம். அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் வகை மெல்ல ஊறி வெளியே வரும், பாலிகார்பனேட்டை வெடிக்க வைக்கும். ஈபிடிஎம் ரப்பர் வாங்குங்கள். நிறம் உங்கள் இஷ்டம், ஆனால் பளபளப்பில்லாத கறுப்பு அல்லது கரும்பழுப்பு என்றால் எனக்குச் சந்தோஷம். வெள்ளை ஓரம் ஜன்னலிலேயே பிரதிபலித்து விமானியின் கண்ணை உறுத்தும். கிரீம் கலர்தான் வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்றால் சரி, செய்து தருகிறோம்.

நாங்களே செய்துவிட்டால் "சொந்தமாகக் கட்டியது" என்ற பேர் போய்விடுமா என்று சிலர் தயங்குகிறார்கள். அமெரிக்க விதிப்படி, விமானத்தின் பாதிக்கு மேல் கட்டுமானம், படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ கட்டுகிறவர்கள் கையால் நடந்திருக்க வேண்டும். பெயின்டும் மெத்தை வேலையும் அந்தக் கணக்கில் வராது. ஜன்னலை வெட்டிப் பொருத்துவது வரும். ஆகவே அதை நீங்களே செய்யுங்கள், நாங்கள் தொடமாட்டோம். வேறு நாட்டில் பதிவு செய்கிறவர்கள் அந்நாட்டு ஆணையத்தைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வரும்போது ஜன்னல் வெட்டிய மிச்சத் துண்டு ஒன்றைக் கொண்டு வாருங்கள், பசையையும் பெயின்டையும் முதலில் அதில் போட்டுப் பார்ப்போம். பாதுகாப்புப் படலத்தை உரிக்காதீர்கள். உரித்துவிட்டிருந்தால் துணியால் துடைக்க வேண்டாம், தூசியோடே எடுத்து வாருங்கள், தண்ணீர் விட்டு நாங்களே கழுவிக்கொள்கிறோம். தீபாவளிக்கு முன்னால் சோபா வேலை குவிந்துவிடும். அவசரம் இருக்கிறவர்கள் இந்த மாதமே சொல்லிவிட்டால் இடம் ஒதுக்கி வைக்கிறோம்.

இப்படிக்கு,
காக்கி புக்கிட் மெத்தைப் பட்டறையிலிருந்து